பழைய தட்டும் புதிய ஊசியும்: ஒலிச்சான்றைக் கேட்கும் முறை



எழுத்துச் சான்று கொண்டு மொழி வரலாற்றை ஆராய்தல் தமிழில் நெடுங்கால வழக்கு. ஒலிச்சான்றோ அண்மைக் காலத்தது. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வையொட்டி எடுக்கப்பட்ட இசைத்தட்டுப் பதிவுகளுள் தமிழும் உண்டு. 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலும் தட்டுகளில் வாழ்கிறது. பந்திங் போன்ற ஊர்களில் தாத்தா வாங்கிய தட்டுகளைப் பேணும் இல்லங்களும் இருக்கலாம். அவற்றை ஆய்வுக்கு எடுக்குமுன் ஒரு வினா எழ வேண்டும்: நாம் கேட்பது குரலையா, கருவியையா?

பழைய இசைத்தட்டுப் பெட்டிகள் பலவற்றில் பீங்கான் வகைக் கார்ட்ரிட்ஜ் இருந்தது. அதன் மின்னழுத்தம் சில நூறு மில்லிவோல்ட். ஏறத்தாழ 10 லட்சம் ஓம் உள்ளீட்டுத் தடை இருந்தால், தனி முன்பெருக்கி இன்றியே அது இயங்கும். அது பழுதாகி, இன்று எளிதில் கிடைக்கும் நகர்காந்த வகையைப் பொருத்தினால் நிலை மாறும். அது தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் வரையே. அதற்கு 47,000 ஓம் தடையும், சமன்செய்யும் முன்பெருக்கியும் தேவை.

சமன்செய்தல் ஏன்? தட்டில் பதிக்கும்போது தாழொலியைக் குறைத்து உயரொலியை மிகுப்பர். கேட்கும்போது முன்பெருக்கி அதை நேர்மாறாக்கும். நெட்டிசைத்தட்டுகளுக்கான பொது அளவு 1954இல் வகுக்கப்பட்டது. நகர்காந்தக் கார்ட்ரிட்ஜைப் பழைய பெருக்கியில் நேரே இணைத்தால் குரல் மெலியும், உயிரொலிகள் உடலிழக்கும், உரசொலிகள் கூர்மையாகும். மொழிமுதற் சகரம் வல்லொலியாக ஒலித்ததா, ஸகரத்தை ஒத்து ஒலித்ததா என ஆராயும் மாணவர், கருவி சேர்த்த உரசலைப் பாடகரின் நாவின்மேல் ஏற்றிவிடுவார். மாறாக, பீங்கான் வகையை நகர்காந்த முன்பெருக்கியில் இணைத்தால் மிகை மின்னழுத்தம் ஒலியைச் சிதைக்கும்.

கம்பியின் மின்தேக்கமும் கணக்கில் வரும். 500 மில்லிஹென்றி கொண்ட கார்ட்ரிட்ஜுக்கு மொத்தத் தேக்கம் 250 பிக்கோஃபாரட் எனில், மின்னொத்ததிர்வு 14,000 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். அது 500 ஆனால் 10,000க்கு இறங்கி, உரசொலிப் பகுதியைத் தீண்டும். ழகரத்தை அடையாளங்காட்டும் ஒலிச்செறிவு அதனினும் மிகத் தாழ்ந்தது. ஆகவே அச்சான்று இவ்வகைப் பிழைக்கு அத்துணை எளிதில் இரையாகாது.

78 சுழற்சித் தட்டுக்கு ஊசியே வேறு. நெட்டிசைத்தட்டின் ஊசிமுனை 18 மைக்ரான் அளவு. இதற்கு 65 முதல் 75 வரை வேண்டும். 1954இன் அளவும் இவற்றுக்குப் பொருந்தாது; நிறுவனந்தோறும் முறை வேறுபட்டது. 1925இல் மின்வழிப் பதிவு தொடங்குமுன் குழல்வழி எடுத்த தட்டுகளில் உயரொலிகள் பெரும்பாலும் பதியவே இல்லை. எக்கருவியும் அவற்றை மீட்டுத் தராது.

நிலைமொழி ஈறறியாது வருமொழியைப் புணர்த்தல் பிழையன்றோ? இங்கும் அதுவே நெறி. கார்ட்ரிட்ஜின் வகை, மின்னழுத்தம், தடை, தேக்கம், ஊசியின் அளவு, சமன்முறை ஆகிய ஆறனையும் ஆய்வேட்டில் குறியுங்கள். சுவடி ஆய்வாளர் படியின் நிலையைக் குறிப்பதுபோல், ஒலி ஆய்வாளர் கருவியின் நிலையைக் குறித்தால்தான் பிறர் அம்முடிவைச் சோதிக்க இயலும்.