ஸ்டீம் டெக் ஓஎஸ் அப்டேட்: எது தங்கும், எது போகும்?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறோம். ஸ்டீம் டெக் வச்சிருக்கற ஒரு நேயர் கேட்டிருந்தார்: "டெஸ்க்டாப் மோடுல டெர்மினல் திறந்து ஏழெட்டு மென்பொருள் இன்ஸ்டால் பண்ணி வச்சிருந்தேன். 3.7 அப்டேட் வந்துச்சு, போட்டேன். கேம் எல்லாம் அப்படியே இருக்கு. நான் போட்டது மட்டும் ஒண்ணுகூட இல்ல. என்ன ப்ரோ நடந்துச்சு?"

எதுவும் பழுதாகல. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கு. ஆனா ஏன் அப்படின்னு தெரிஞ்சா, அடுத்த அப்டேட்டுக்கு முன்னாடி எதை எங்க வைக்கணும்னு உங்களுக்கே தெளிவாயிடும்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஸ்டீம் டெக், வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில கொண்டுவந்த கையடக்கக் கணினி. பார்த்தா கேம் கன்சோல் மாதிரி இருக்கும். உள்ளே ஏஎம்டி ப்ராசஸர், 16 ஜிபி ரேம், முழு லினக்ஸ். ஸ்டீம்ஓஎஸ் முதல்ல டெபியன் மேல இருந்தது. டெக்குக்காக வந்த 3-ம் பதிப்பு ஆர்ச் லினக்ஸ் மேல கட்டினது. டெஸ்க்டாப் மோடுக்குப் போனா கேடிஇ ப்ளாஸ்மா வரும், மவுஸ் கீபோர்ட் மாட்டினா சாதாரண கம்ப்யூட்டர்தான்.

கையில வச்சுக்கற கம்ப்யூட்டர்ல ஓஎஸ் மாத்தறது எப்பவுமே கொஞ்சம் வயித்தைக் கலக்கற வேலை. பாம் கருவிகள் காலத்துல பாம் 3 மாதிரி சிலதுல ஃப்ளாஷ் ரோம் இருந்தது, புது ஓஎஸ் எழுதலாம். 2000-ல வந்த எம்100-ல ஃப்ளாஷ் கிடையாது. வாங்கும்போது என்ன இருந்ததோ அதுதான் கடைசி வரைக்கும். பாக்கெட் பிசி பக்கம் வேற கதை. விண்டோஸ் மொபைல் 2003 வரைக்கும் உங்க ஃபோன் நம்பர், குறிப்பு எல்லாமே ரேம்ல இருக்கும். பேட்டரி முழுசா இறங்கினா எல்லாம் போச்சு. 2005-ல வந்த விண்டோஸ் மொபைல் 5-தான் அதை ஃப்ளாஷுக்கு மாத்தினது. ஹெச்பி ஐபேக் ஹெச்எக்ஸ்4700 மாதிரி கருவிகளுக்கு அந்த அப்கிரேட் வந்தப்போ, உள்ளே இருந்ததை எல்லாம் துடைச்சுட்டுத்தான் போட முடிஞ்சது.

இந்தப் பழைய முறை எல்லாத்துலயும் ஒரு பொதுவான ஆபத்து இருந்தது. இருக்கற ஒரே ஓஎஸ் மேலயே புது ஓஎஸ்ஸை எழுதணும். குடியிருக்கற வீட்டையே இடிச்சுக் கட்டற மாதிரி. பாதி சுவர் எழும்பினப்போ கரண்ட் போனா, பழைய வீடும் இல்ல, புது வீடும் இல்ல. மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வைக்கலாம். கையடக்கக் கருவி அப்படி இல்லையே. பேட்டரி இறங்கும், யாராவது பவர் பட்டனை அழுத்துவாங்க, அப்டேட் ஓடிட்டு இருக்கும்போதே பைக்குள்ள போட்டுட்டு பஸ் ஏறிடுவோம்.

ஸ்டீம் டெக் இதுக்கு வேற வழி எடுத்தது. எஸ்எஸ்டியில சிஸ்டத்துக்குன்னு ரெண்டு இடம் பிரிச்சு வச்சிருக்காங்க, ஏ, பி-ன்னு. ஒவ்வொண்ணும் 5 ஜிபி. நீங்க ஏ-ல ஓடிட்டு இருந்தா, அப்டேட் முழுக்க பி-ல எழுதப்படும். ஏ-வை யாரும் தொடறதில்ல. எழுதி முடிச்சு, சரி பார்த்து, கடைசியில "அடுத்த தடவை பி-ல இருந்து பூட் பண்ணு"ன்னு ஒரு சின்னக் குறிப்பு மட்டும் மாத்துவாங்க. பக்கத்து மனையில புது வீட்டைக் கட்டி முடிச்சு, பால் காய்ச்சிட்டு, அப்புறமா குடி போறது. நடுவுல பேட்டரி செத்தாலும் பழைய வீடு அப்படியே நிக்குது.

இது வால்வ் கண்டுபிடிச்சது இல்ல. குரோம்புக் 2011-லயே இப்படித்தான் வந்தது. ஆண்ட்ராய்ட்ல 2016-ல 7-ம் பதிப்போட, பிக்சல் ஃபோன்ல ஆரம்பிச்சாங்க. டெக்குல எழுதற வேலையைச் செய்யறது ரவுக்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவி. எம்பெடட் லினக்ஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பேர்.

இப்போ நேயரோட கேள்விக்கு வர்றேன். பி-ல எழுதப்படறது வால்வ் தயார் பண்ணின முழு சிஸ்டம். ஏ-ல நீங்க பேக்மேன் கமாண்ட் வச்சு சேர்த்தது எதுவும் அதுல இருக்காது. ஏன்னா ஏ-ல இருந்து பி-க்கு நகல் எடுக்கறதே இல்ல. நீங்க என்னென்ன போட்டீங்கன்னு பேக்மேன் வச்சிருந்த பட்டியலும் அந்த சிஸ்டம் பகுதியிலேயே இருக்கறதால, அதுவும் புதுசாயிடும். அதனாலதான் அப்டேட்டுக்கு அப்புறம் தேடினா, போட்ட அடையாளமே இருக்காது.

சுருக்கமா, சிஸ்டம் பகுதி வாடகை வீடு. ஹோம் பகுதி உங்க சொந்த பீரோ. வீடு மாறும்போது பீரோ கூட வரும், சுவத்துல அடிச்ச ஆணி வராது. வீட்டுக்காரர் ஆணி அடிக்காதேன்னு பூட்டியும் வச்சிருக்கார். சிஸ்டம் பகுதி ரீட் ஒன்லி. ஆனா அந்தப் பூட்டைத் திறக்க "ஸ்டீம்ஓஎஸ் ரீட்ஒன்லி டிஸேபிள்"னு ஒரே ஒரு கமாண்ட் போதும், யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம். இந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. உன் கருவி, வேணும்னா திற, ஆனா அடுத்த அப்டேட்ல அது நிக்காதுன்னு சொல்றாங்க. பூட்லோடரையே பூட்டி வைக்கற ஃபோன் கம்பெனிகளோட ஒப்பிட்டா இது எவ்வளவோ மேல். ஒரே குறை, அப்டேட் பட்டனை அழுத்தும்போது "நீங்க சேர்த்த இதெல்லாம் போயிடும்"னு ஒரு பட்டியல் காட்டலாம். காட்டறதில்ல.

அப்போ எங்க வைக்கறது? டிஸ்கவர் கடையில இருந்து எடுக்கற ஃப்ளாட்பேக் செயலிகள் ஹோம் பகுதியில உட்காருது. அப்டேட் அதைத் தொடாது. பத்துல எட்டு பேருக்கு இதுவே போதும்னு நினைக்கறேன். டெர்மினல் கருவிகள் வேணும், கம்பைலர் வேணும்னா, 3.5-ல இருந்து டிஸ்ட்ரோபாக்ஸ் கூடவே வருது. ஹோமுக்குள்ளேயே ஒரு ஆர்ச்சோ உபுண்டுவோ கன்டெய்னரா வச்சுக்கலாம். அதுக்குள்ள எவ்வளவு ஆணி வேணும்னாலும் அடிங்க. தமிழ் எழுத்துருவும் இப்படித்தான். பேக்மேன்ல போட்டா அடுத்த அப்டேட்ல போயிடும். அந்த ஃபாண்ட் கோப்பை ஹோமுக்குள்ள டாட் லோக்கல், அதுக்குள்ள ஷேர், அதுக்குள்ள ஃபாண்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டா எத்தனை அப்டேட் வந்தாலும் நிக்கும்.

சிஸ்டத்துலதான் போட்டாகணும்னு ஒரு பொருள் இருந்தா, அப்டேட்டுக்கு முன்னாடி பேக்மேன் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் கோப்பா ஹோம்ல எழுதி வச்சுக்கோங்க. அப்டேட் ஆனதும் இன்னொரு பட்டியல் எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டா, என்ன விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடும்.

அப்டேட்டே வேண்டாம்னு சிலர் தள்ளிப் போடறாங்க. நான் அதைச் சொல்லமாட்டேன். 2025 மே மாசம் ஸ்டேபிளுக்கு வந்த 3.7-ல பேட்டரியை 80 சதவீதத்தோட நிறுத்தற மாதிரி வரம்பு வைக்கற வசதி வந்தது. எப்பவும் டாக்லயே மாட்டி வச்சிருக்கறவங்களுக்கு இது ஒண்ணுக்காகவே போடலாம். ஆனா சேனல் ஸ்டேபிள்லயே இருக்கட்டும். பீட்டா, ப்ரிவியூ ரெண்டும் சோதிச்சுப் பாக்கறவங்களுக்கு.

புதுசு பிடிக்கலன்னா? டெக்கை முழுசா அணைச்சுட்டு, மூணு புள்ளி பட்டனைப் பிடிச்சுக்கிட்டே பவர் அழுத்துங்க. பூட் மெனு வரும், முந்தின பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். முதலாவது, பின்னாடி போக ஒரே ஒரு படிதான். அடுத்த அப்டேட் வந்தா அது நீங்க இப்போ ஓடாத பகுதி மேலதான் எழுதும். அதனால புதுசு ஒத்து வருதான்னு பாக்கறதுக்குள்ள இன்னொரு அப்டேட்டை போட்டுடாதீங்க. ரெண்டாவது, பின்னாடி போறது சிஸ்டம் மட்டும்தான், ஹோம் போகாது. 3.7-ல டெஸ்க்டாப் ப்ளாஸ்மா 5-ல இருந்து 6-க்கு மாறிச்சு. ஒரு தடவை 6-ல நுழைஞ்சா உங்க டெஸ்க்டாப் அமைப்புகள் அதுக்கேத்த மாதிரி மாத்தி எழுதப்படலாம். திரும்பி 5-க்கு வந்தா பேனல் ஏதாவது கோணலா நின்னா அதுதான் காரணம்.

இன்னொண்ணு. அப்டேட்ல சில சமயம் பயாஸும் சேர்ந்து வரும். அது எஸ்எஸ்டியில இல்ல, தனிச் சிப்புல இருக்கு. ஏ, பி கணக்கு அதுக்குப் பொருந்தாது. பக்கத்து மனை வசதி இங்க இல்ல. திரையில ஃபர்ம்வேர்னு ஓடிட்டு இருந்தா சார்ஜர்ல மாட்டி வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. ஆணியே புடுங்க வேண்டாம்னு வடிவேலு சொன்ன மாதிரி, பவர் பட்டன் பக்கமே போகாதீங்க. இந்தியாவுல வால்வ் இதை நேரடியா விக்கறதில்ல. நம்ம ஆளுங்க கையில இருக்கறது எல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்த பெட்டிதான். பயாஸ் கெட்டுப்போனா இங்க எடுத்துட்டுப் போக அவங்க சர்வீஸ் சென்டர் கிடையாது.

கேம் சேவ் பத்தி. சாதாரண அப்டேட்ல சேவ் போகாது, அது ஹோம்லதான் இருக்கு. பயப்பட வேண்டியது ரெக்கவரி இமேஜ் வச்சு ரீஇன்ஸ்டால் பண்ணும்போது. 8 ஜிபி யூஎஸ்பில அந்த இமேஜை எழுதி, வால்யூம் குறைக்கற பட்டனும் பவரும் சேர்த்து அழுத்தி அதுல இருந்து பூட் பண்ணினா, டெஸ்க்டாப்ல சில ஐகான் இருக்கும். ரீஇன்ஸ்டால் ஸ்டீம்ஓஎஸ்னு இருக்கறது சிஸ்டத்தை மட்டும் புதுசாக்கும், கேம் தங்கும். ரீஇமேஜ்னு இருக்கறது எல்லாத்தையும் துடைக்கும். பேர் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு, நிதானமா படிச்சுட்டு கிளிக் பண்ணுங்க. ஸ்டீம் கிளவுட் ஆதரவு இல்லாத கேம்களும், வெளியில இருந்து கொண்டுவந்து சேர்த்த கேம்களும் இருந்தா, அதுக்கு முன்னாடியே அந்த சேவ் கோப்புகளை எஸ்டி கார்டுல நகல் எடுத்து, கார்டைக் கழட்டி வச்சுட்டு ஆரம்பிங்க.

நேயருக்கு ஒரு வார்த்தை. நீங்க போட்டிருந்த ஏழெட்டுல ஃப்ளாட்பேக்கா கிடைக்கறதை முதல்ல டிஸ்கவர்ல தேடி எடுத்துக்கோங்க, மிச்சத்தை டிஸ்ட்ரோபாக்ஸ்ல போடுங்க. அதுக்கும் அடங்காத ஏதாவது இருந்தா பேரை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.