அச்சம் அன்று, விழிப்பே அகிம்சை
(கழுகுமலை வழிபாட்டுப் பயணத்தின்போது கரிவலம்வந்தநல்லூரில் ஆற்றிய உரை)

 

நாளை நாம் கழுகுமலையில், பாண்டியர் காலத்தில் பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருமேனிகளை வணங்கவிருக்கிறோம். பாறையைக் கண்டதும் பிள்ளைகள் ஏறத் துடிப்பர். திருமேனிகள்மீது கால் படலாகாது, அதில் ஐயமில்லை. ஆயினும் ஏறும் விருப்பம் குற்றமன்று. அதற்குரிய இடத்தை அமைத்துத் தருவது நம் கடமை. நம் ஊர்களின் ஜினாலயத் திடல்களில், சிறுவர் ஏறி விளையாடும் கம்பிச் சட்டம் ஒன்று வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

இதன் வரலாறு சுவையானது. சார்லஸ் ஹோவர்டு ஹிண்டன் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், ஜப்பானில் வாழ்ந்தபோது தம் பிள்ளைகளுக்கு மூங்கிலால் சட்டம் கட்டி, அதில் ஏறியிறங்கச் செய்தே வெளியின் அளவைகளைக் கற்பித்தார். அவர் மைந்தர் செபாஸ்டியன் அதனை நினைவுகூர்ந்து, 1920இல் அமெரிக்காவின் வின்னெட்கா நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைக்கச் செய்தார். 1923இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

“விழுந்தால் அடிபடுமே, அகிம்சை போற்றும் நமக்கு இது தகுமா?” எனச் சிலர் வினவலாம். கவனமின்மையால் உயிருக்கு ஊறு விளைவிப்பதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. ஆகவே அகிம்சையின் வேர் அச்சம் அன்று, விழிப்பு. பார்த்து அடியெடுத்து வைப்பது ஈர்யா சமிதி. பொருளைக் கவனமாய் எடுத்து வைப்பது ஆதானநிக்ஷேபண சமிதி. இவை துறவியர்க்குரிய ஒழுக்கங்களேயாயினும், கம்பியைப் பற்றும் ஒவ்வொரு கணமும் குழந்தை அவற்றின் முதற்பாடத்தைத் தன் கையாலும் காலாலும் பயில்கின்றது.

பெரியோர் செய்யவேண்டியவை சில. சட்டத்தின் கீழே ஆழமாக மணல் பரப்புக. தானே ஏறவியலாத குழந்தையைத் தூக்கி மேலே விடாதீர்; ஏறத் தெரிந்த உயரமே அதற்கு ஏற்ற உயரம். நண்பகல் வெயிலில் இரும்பு சுடும். அப்போது விளையாட்டு வேண்டா. குதிக்குமுன் மணலில் எறும்பு ஊர்கிறதா எனப் பார்க்கப் பழக்குக. கதிரவன் மறையுமுன் உண்ணும் குடும்பத்தார் நாம். சிற்றுயிர் கண்ணுக்குப் புலப்படாத இருளில் திடலும் ஓய்வு கொள்ளட்டும்.

அஞ்சி வளரும் பிள்ளை அறத்தையும் அச்சத்தாலேயே காக்கும். விழித்து வளரும் பிள்ளையோ அன்பினால் காக்கும். இவ்வாண்டிலேயே ஒரு திடலிலேனும் இப்பணியைத் தொடங்குவோமாக. அருகன் திருவடி போற்றி! அறம் வளர்க!