ஜீப்பைத் தூக்கினேன், ஸ்டீயரிங் தானா திரும்புச்சு

என்னோட பழைய மஹிந்திரா எம்எம் 540-ஐ 2 இன்ச் தூக்கினேன். பார்க்க செம கெத்து. ஆனா பள்ளிக்கரணையில எங்க தெரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறினதும் வண்டி தானா பக்கத்து பைக் மேல போச்சு. மயிரிழையில தப்பிச்சோம்.

காரணம் சிம்பிள். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸ்ல இருக்கு, வீல் ஆக்ஸில்ல இருக்கு. நடுவுல டிராக் லிங்க்னு ஒரு கம்பி. அது கிட்டத்தட்ட படுத்தே இருக்கணும். ஸ்பிரிங் உயர்ந்தா கம்பி சரிஞ்சிடும். அப்புறம் ஆக்ஸில் மேல எழும்பும்போதெல்லாம் வீலைத் தள்ளித் திருப்பும்.

கீழே இறங்கின பிட்மேன் ஆர்ம் போட்டா அந்தச் சரிவு குறையும். பட்டறையில, "இருக்கிற ஆர்மையே சூடு பண்ணி வளைச்சிடலாம் தம்பி"ன்னாங்க. வேண்டாம்னுட்டேன். அது ஒடிஞ்சா ஸ்டீயரிங்கே கிடையாது. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மீறி வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

அதனால ரோல்பேக். பழைய ஸ்பிரிங்கே மாட்டியாச்சு. ஃப்ரெண்ட்ஸ் இன்னும் ஓட்டுறானுங்க, ஜீப்பை இல்ல, என்னை.