தட்டை விற்று ஓடும் இரயில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இரயிலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் செயலாளர் அவர்கள் முகத்தைச் சற்றே சுளித்தார்கள். பகலெல்லாம் ஆபீசில் இரயில், இரவெல்லாம் காலனியை அதிரச் செய்யும் இரயில், ஆண்டு விழாவிலுமா இரயில் என்பது அவர்கள் கேள்வி. நாம் பேச வந்தது நம் இலாகாவைப் பற்றியன்று, ஜப்பான் தேசத்துச் சிற்றூர்க் கம்பெனி ஒன்றைப் பற்றி என்று சொன்ன பிறகே நிகழ்ச்சி நிரலில் இடம் கிடைத்தது.

நாம் ஜப்பானுக்குச் சென்றவரல்லோம். மெட்ரிக் தேறியதும் உத்தியோகத்தில் அமர்ந்து, கணக்குப் பிரிவின் மேசையே உலகமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். ஆனால் சென்ற மாதம், டோக்கியோவில் வேலை பார்க்கும் அடுத்த வீட்டுப் பிள்ளை விடுமுறையில் வந்தபோது, "மாமா, இது ஒரு இரயில் கம்பெனி விற்கும் பலகாரம்" என்று ஒரு பொட்டலத்தை நம் கையில் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கையளவில் கறுத்துச் சிவந்த அரிசித் தட்டை. ஒன்றைக் கடித்தோம். மொறுமொறுவென்று உடையவில்லை, தோலைப் போல் வளைந்தது. "வழியில் நமுத்துப் போயிற்றே, தம்பி" என்றோம். அவன் சிரித்து, "நமுத்துப் போகவில்லை மாமா, அதன் குணமே அதுதான்" என்றான். சுட்ட சூட்டோடு சோயா சாஸில் தோய்த்து எடுப்பதால் அது நனைந்தே இருக்குமாம். நுரெ செம்பெ என்று பெயர். நனைந்த தட்டை என்றே பொருள். இரயில் கம்பெனிக்கும் தட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடைகளையே இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

டோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா மாநிலத்தின் கோடியில், பசிபிக் மாகடலுக்குள் மூக்கை நீட்டியது போல் ஒரு நிலமுனை இருக்கிறது. அங்கே சோஷி என்னும் ஊர். மீன்பிடிப்பிலும் சோயா சாஸ் காய்ச்சுவதிலும் பெயர் பெற்றது. அவ்வூரிலிருந்து தொகாவா என்னும் மீனவர் குடியிருப்பு வரை செல்கிறது சோஷி மின்சார இரயில்பாதை. மொத்த நீளம் 6.4 கிலோமீட்டர். நம் பெரியவர்கள் சிலர் காலையில் உலாவிவிட்டு வரும் தூரம்! அதற்குள் 10 ஸ்டேஷன்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறக்குறைய 20 நிமிஷம்.

இங்கே கூடியிருப்போர் யாவரும் இரயில்வேக் குடும்பத்தினர் ஆகையால் இதையும் சொல்லிவிடலாம். அந்தப் பாதையின் அகலம் 1067 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர் மட்டுமே அதிகம். நம் தலைக்குமேல் ஓடும் மின்சாரம் 25,000 வோல்ட். அங்கே 600 வோல்ட். வண்டிகளெல்லாம் பிற கம்பெனிகள் ஓட்டிக் கழித்தவை. சோஷி ஸ்டேஷனில் அதற்கெனத் தனிப் பிளாட்பாரம்கூட இல்லை. பெரிய இரயிலின் பிளாட்பாரத்துக் கோடியில் ஒண்டுக்குடித்தனம் செய்கிறது. அங்கிருந்து கிளம்பினால் அடுத்த ஸ்டேஷன் நாகானோச்சோ. அருகிலேயே சோயா சாஸ் ஆலை. காற்றில் அதன் மணம் கமழுமாம்.

இதற்கு முன்னோடியாக அவ்வூரில் இன்னொரு இரயில் இருந்தது. 1913ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. இனுபோ முனையில் 1874ஆம் ஆண்டு முதல் ஒளிவீசும் கலங்கரை விளக்கத்தையும் கடற்கரையையும் காணவரும் உல்லாசப் பிரயாணிகளை நம்பி ஓடியது. வசூல் போதவில்லை. அவ்வமயம் முதல் உலகப் போர் மூண்டு இரும்பின் விலை ஏறியது. கம்பெனிக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள்: வண்டி ஓடி வரும் டிக்கெட் பணத்தைவிடத் தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றால் வரும் பணம் மேலாகத் தெரிந்தது. 1917இல் இரயிலை நிறுத்தித் தண்டவாளத்தை விற்றுவிட்டார்கள். கணக்குப் படித்தவன் எவனும் அதில் பிழை காண முடியாது.

ஆயினும் அவ்வூரார்க்கு இரயிலின் ஆசை விடவில்லை. 1923 ஜூலையில் புதிய கம்பெனி மீண்டும் பாதை அமைத்து ஓட்டியது. 1925இல் மின்சாரம் வந்தது. நம் தேசத்தில் பம்பாய்க்கும் குர்லாவுக்கும் இடையே முதல் மின்சார இரயில் ஓடியதும் அதே ஆண்டில்தான். பின்னர் மோட்டார் வாகனம் பெருகியது. 1960களில் 90 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் இன்று 60 ஆயிரத்துக்கும் கீழே குறைந்துவிட்டது. 1984இல் சரக்கு வண்டியும் நின்றது.

டிக்கெட்டால் மட்டும் பிழைக்க முடியாது என்பதைக் கம்பெனி முன்னமே உணர்ந்திருந்தது. 1976ஆம் ஆண்டிலேயே, உள்ளே பயற்றுப் பூரணம் வைத்து மீன் வடிவில் சுடும் அப்பத்தை விற்கத் தொடங்கினார்கள். 1995இல் இந்த நனைந்த தட்டை வந்தது. ஊரில் சோயா சாஸ் இருக்கிறது, அரிசி இருக்கிறது, கை இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

பெரும் சோதனை 2006இல் வந்தது. கம்பெனியின் தலைவராக இருந்தவரே பணத்தைக் கையாடினார் என்று அவ்வாண்டில் கைது செய்யப்பட்டார். அரசாங்கமும் நகராட்சியும் தந்துவந்த மானியம் அதற்குள் நின்று போயிருந்தது. சட்டப்படி வண்டிகளைப் பிரித்துச் சோதிக்க வேண்டிய கெடு நெருங்கியது, அதற்குப் பணமில்லை. சோதனை முடியாத வண்டியை ஓட்டக் கூடாது. வண்டி ஓடாவிட்டால் கம்பெனி இல்லை. நவம்பர் மாதம் அவர்கள் தங்கள் இணையதளத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். வண்டி பழுதுபார்க்கும் செலவைச் சம்பாதித்தாக வேண்டியிருக்கிறது, ஆகையால் எங்கள் தட்டையை வாங்குங்கள் என்பதே அதன் சாரம். நன்கொடை கேட்கவில்லை, பாருங்கள். பண்டத்தைக் கொடுத்து விலையைக் கேட்டார்கள். தேசமெங்கும் செய்தி பரவி ஆர்டர்கள் குவிந்தன. அவ்வூரை ஒருநாளும் கண்டிராதவர்கள் தட்டை வாங்கினார்கள். வண்டிகள் சோதனைக்குப் போய்த் திரும்பின, இரயில் நிற்கவில்லை.

இவ்விடத்தில் நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கிளைப்பாதையின் வரவு செலவு ஜாபிதா தயாரிக்கும் வேலை நமது மேசைக்கு வந்தது. ஊரின் பெயர் வேண்டாம். ஒரு பக்கம் டிக்கெட் வசூல். மறுபக்கம் சம்பளம், எண்ணெய், பராமரிப்பு. கூட்டினோம், கழித்தோம், ஒரு ரூபாய் வருமானத்துக்கு எத்தனை ரூபாய் செலவு என்று கடைசி வரியில் எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினோம். மேலிருந்து உத்தரவு வந்தது, வண்டி நின்றது. கணக்கில் ஒரு பைசா பிழையில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அவ்வழியே பஸ்ஸில் போனோம். பிளாட்பாரத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த பால்காரர், இரயில் நின்றபின் நகரத்துக்குப் பால் கொண்டுபோவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த ஜாபிதாவை எழுதியது நாம்தான் என்று அவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. பால்காரருக்கென்று ஒரு பத்தி நம் படிவத்தில் இல்லை. அவரைக் கேட்பது நம் வேலையும் அன்று.

சோஷி கம்பெனியின் கணக்கைப் பற்றிக் கேள்விப்பட்டபோது இதுவே நினைவுக்கு வந்தது. அங்கே வருமானத்தில் பெரும்பங்கு தட்டை முதலிய பண்டங்களால் வருகிறது; டிக்கெட்டால் வருவது சிறுபங்கே. நம் ஆபீசாயிருந்தால், தட்டை விற்ற பணத்தை எந்தத் தலைப்பின்கீழ் வரவு வைப்பது என்று ஆறு மாதம் கோப்பு சுற்றியிருக்கும்! 2012 முதல் தலைவராயிருக்கும் கட்சுனோரி தாகெமோட்டோ என்பவரும் கணக்குத் தொழிலர்தான். வரிக் கணக்கு நிபுணர். அவர் பேரேட்டை மூடிவைத்துவிட்டு வண்டி ஓட்டவும் கற்று, உரிமம் பெற்று, தாமே ஓட்டுகிறார். கணக்கர்கள் யாவரும் சிவப்புக் கோடு மட்டுமே போடுவர் என்று எண்ணவேண்டாம்.

2014 ஜனவரியில் வண்டி ஒன்று தடம் புரண்டு சேதமுற்றது. அதைச் செப்பனிட, அவ்வூர் வணிக உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் செயலைச் சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஏனெனில் நம் கிளைப்பாதையிலும் பள்ளிப் பிள்ளைகள் போய்வந்தார்கள். அவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் துன்பத்தையும் சிரித்தே விற்கிறார்கள். ஸ்டேஷன்களுக்குப் பட்டப்பெயர் சூட்டும் உரிமையை விலைக்குக் கொடுத்தார்கள். கசகாமி-குரோஹாயே என்னும் ஸ்டேஷனுக்குக் கூந்தல் ஷாம்பு வியாபாரி ஒருவர், தலைமுடி கறுத்து வளர்க என்று பொருள்பட ஒலிக்கும் பெயரைச் சூட்டினார். 2018இல் மசுயி போ என்னும் குச்சித் தின்பண்டத்தை வெளியிட்டார்கள். மசுயி என்றால் ருசி மோசம் என்றும் பொருள், நிலைமை மோசம் என்றும் பொருள். மோசமாயிருப்பது கம்பெனியின் நிலைமையே, பண்டமன்று என்பது வேடிக்கை. இத்தகைய விளையாட்டு இரயில்வேயின் கண்ணியத்துக்குத் தகுமா என்று மூத்த அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். நமக்கும் முதலில் அந்த ஐயம் இருந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து விற்ற 1917ஆம் ஆண்டை நினைத்ததும் அது போய்விட்டது.

அவைத்தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். பொட்டலத்தில் எஞ்சிய தட்டைகளைக் கொண்டு வந்திருக்கிறோம். பெரியோர் பொறுத்தருள வேண்டும். ஆளுக்கொரு துண்டு குழந்தைகளுக்கு மட்டுமே காணும். நமுத்துப் போனது என்று எவரும் துப்பிவிட வேண்டாம், கண்மணிகளே. அது அப்படித்தான் இருக்கும்.