நாய்ப் பயிற்சியும் இளைஞர் மன்றங்களும்

ஐதராபாத்தை அடுத்த மொய்னாபாத்தில் தெலங்கானா காவல் துறை மோப்ப நாய்களைப் பயிற்றுவிக்கிறது. அங்கு நாய் தனியே பயில்வதில்லை. அதைக் கையாளும் காவலரும் உடன் பயில்கிறார். நாய்ப் பயிற்சித் திட்டம் வகுக்கும் இளைஞர் மன்றங்களும் இம்முறையையே அடிப்படையாகக் கொள்ளலாம்.

இதன் தேவையை அந்நகரம் துயரத்தோடு அறியும். 2023 பிப்ரவரியில், ஆம்பர்பேட்டையில் நான்கு வயதுச் சிறுவன் தெருநாய்கள் தாக்கி உயிரிழந்தான்.

எனவே, இளைஞர் முதலில் கற்க வேண்டியது நாயின் குறிப்பறிதல். விறைத்த உடலும் வெளித்தெரியும் பல்லும் எச்சரிக்கைகள். அப்போது ஓடாமல், உற்று நோக்காமல் மெல்ல விலக வேண்டும்.

அடுத்தது கட்டளைப் பயிற்சி. ஒரு செயலுக்கு ஒரே சொல். சரியாகச் செய்தவுடன் பரிசு. நாள்தோறும் சிறிது நேரம். அடித்துப் பழக்கலாகாது. அச்சமுற்ற நாய் கடிக்கக்கூடும். மேலும், விலங்குகளை வதைப்பது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

பயிற்சிக்கு வரும் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். கடிபட்டால், காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

இவற்றைக் கற்ற இளைஞர், தம் தெருச் சிறுவர்களுக்கும் கற்பிக்கும்போதே திட்டம் முழுப்பயன் தரும்.