பழைய வீடும் நாலாவது கையெழுத்தும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீதான் பழைய வீடெல்லாம் வாங்கிப் புதுப்பிச்சு விக்கிறியே, அதுல எப்படிக் காசு பண்றதுன்னு பசங்களுக்குச் சொல்லு" என்றார். காசு பண்ணின கதையும் உண்டு. ஆனால் சொல்வதற்கு விஷயம் உள்ளது காசு பண்ணாத கதையில்தான். அதைச் சொல்கிறேன்.

நான் 1979-ல் இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தேன். பிறகு வங்கி வேலை. 2001-ல் வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது வெளியே வந்துவிட்டேன். கையில் கொஞ்சம் பணம், நிறைய நேரம். கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். திண்ணை, ரேழி, கூடம், நடுவே முற்றம், பின்னால் கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓடும் வீடுகள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிவிட, பூட்டிக் கிடப்பவை. இரண்டு வீடு வாங்கிப் புதுப்பித்து விற்றேன். சுமாரான லாபம். தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தோடு 2009-ல் வாங்கியதுதான் மூன்றாவது வீடு.

முதலில் சுவர் கதை. வீடு காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கிறது. தரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சுவரின் அடிப்பாகம் நாலடி உயரத்துக்குப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பழைய கொத்தனார் ஒருவர் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புச் செவுரு சார் இது, சுண்ணாம்பே பூசுங்க. சிமெண்டு வெச்சா தண்ணியை வெளிய விடாது" என்றார். சுண்ணாம்பு என்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, நீர்த்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூச வேண்டும். வாரக்கணக்கில் வேலை இழுக்கும். எனக்கு அவசரம். சிமெண்டு வைத்து வழவழவென்று பூசி, மேலே பெயிண்டும் அடித்துவிட்டேன். ஆடி மாதம் பார்க்க அரண்மனை மாதிரி இருந்தது.

ஐப்பசி மழை வந்தது. நாலடியில் நின்ற ஈரம் ஆறடிக்கு ஏறிவிட்டது. தரையிலிருந்து செங்கல் வழியாக ஏறும் நீர், முன்பு சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் உலர்ந்துகொண்டிருந்தது. நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். அது மேலே போய் வழி தேடியது. கூடவே போன உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் படிகமாகி, சிமெண்டை அப்பளம் மாதிரி பெயர்த்துத் தள்ளியது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு அதே கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுண்ணாம்பு பூசினேன். வெட்டிச் செலவு 70,000 ரூபாய். மனிதர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

இத்தனைக்கும் நான் வேதியியல் படித்தவன். இதோ, இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதிப் பால்போல் ஆக்கியவன். மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக்குகிறது. பூசிய சுவரிலும் நடப்பது அதுதான். காற்றிலுள்ள அதே வாயுவை மாதக்கணக்கில் இழுத்துச் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்லாகிறது. இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவனுக்குச் சுவரைப் பார்த்தபோது ஞாபகம் வரவில்லை. (ஐயா சிரிக்கிறார்கள். மன்னிக்க வேண்டும் ஐயா.)

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டு வீடு வாங்குகிறவர்கள் முற்றத்தின் நாலு மூலையையும் முதலில் பாருங்கள். இரண்டு கூரைகள் சேர்ந்து தண்ணீர் இறங்கும் இடம் அது. ஒழுகினால் அங்கேதான் ஒழுகும். உத்திரத்தின் நடுப்பகுதி தேக்கு மாதிரி மினுங்கும், அதை நம்பாதீர்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில் ஒரு திருப்புளியைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இனி, பத்திரக் கதை.

அந்த வீட்டைச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மனைவியும் இல்லை. மூன்று மகன்கள், ஒரு மகள். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டேன், சுத்தமாக இருந்தது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும், யார் யாருக்குப் பாத்தியதை என்பது தெரியாது. அது வாரிசுச் சான்றில் இருக்கும். அதையும் வாங்கிப் பார்த்தேன். நாலு பெயர் இருந்தது. "அக்காவுக்குக் கல்யாணத்துலயே நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சு சார். அவங்க எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார்கள் தம்பிகள். விலை 12 லட்சம். அந்தத் தெருவில் அது மலிவு. மூவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு 4 லட்சம் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்குச் சட்டம் தெரியாது என்று நினைக்காதீர்கள். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அப்பாவின் சொந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்காதவரை பெண் பாகம் கேட்க முடியாது என்று அதில் 23-ஆம் பிரிவு இருந்தது. 2005-ல் அதையும் நீக்கிவிட்டார்கள். பங்கு வேண்டாம் என்று வாயால் சொன்னால் போதாது, விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் வாங்கினேன். காரணம் விலை.

கூரை வேலை நடந்துகொண்டிருந்த ஒரு காலை நேரம், அறுபது வயதுக்கு மேலான ஒரு அம்மாள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நிலையைப் பிடித்தபடியே கேட்டார்: "தம்பி, நீங்க பேங்க்ல இருந்தவராமே. அங்கே லோன் குடுக்கறப்ப மூணு பேர் கையெழுத்தை வாங்கிட்டு நாலாவது ஆளை விட்டுடுவீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. "உங்க தம்பிங்ககிட்ட கேளுங்கம்மா" என்றேன். அவர் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. தம்பிகள் மூவரும் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

என் வக்கீல் சொன்னார்: "பாகப்பிரிவினை வழக்கு சார், எட்டு வருஷம் பத்து வருஷம் இழுக்கலாம். அந்தம்மா விதவை, கையில காசு இல்ல. தாக்குப்பிடிக்க மாட்டாங்க." அன்று இரவு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், இழுக்கலாமா என்று. நான் நல்லவன், அதனால் பங்கைக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு. வழக்கு நிலுவையில் இருக்கும் வீட்டை எவனும் வாங்க மாட்டான், என் முதல் முழுவதும் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்பது மறுநாள் காலையில் உறைத்தது. அதற்குப் பிறகுதான் ஆள் அனுப்பினேன்.

அந்த அம்மாள் தம்பிகளுக்குக் கொடுத்த அதே 4 லட்சம்தான் கேட்டார். ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. தன் கால் பங்கை எனக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தார். சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் கைரேகை மை துடைத்துக்கொண்டே, "கூடத்துல அம்மா ஊஞ்சல் இருந்துச்சே, அந்தச் சங்கிலியை மட்டும் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். பித்தளைச் சங்கிலி. வாங்கின வாரமே பழைய சாமான்காரனுக்கு எடைக்குப் போட்டிருந்தேன். சொன்னேன். "சரி, பரவால்ல தம்பி" என்றார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள். வாங்கியது 12 லட்சம். பத்திரச் செலவு 1 லட்சத்து 10,000. புதுப்பிக்க 5 லட்சம் ஆகும் என்று நினைத்தேன், 8 லட்சத்து 40,000 ஆனது. அந்த அம்மாளுக்கும் அந்தப் பத்திரத்துக்கும் 4 லட்சத்து 40,000. ஆக 25 லட்சத்து 90,000. 2013-ல் 31 லட்சத்துக்கு விற்றேன். ஐந்து லட்சம் லாபம் என்று கை தட்டாதீர்கள். அதே பணத்தை அன்றைய வட்டிக்கு வைப்புத் தொகையில் போட்டிருந்தால் ஏழு லட்சம் வந்திருக்கும், தலைவலி இல்லாமல். போதாததற்கு வருமான வரி. கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கொடுத்த தினக்கூலிக்கு நான் சீட்டு வாங்கி வைக்கவில்லை. ஆதாரம் இல்லாததால் அந்தச் செலவில் பாதியை அடக்கத்தில் காட்ட முடியவில்லை. சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். இன்று தமிழ்நாட்டில் பத்திரச் செலவே பொதுவாக 9 சதவீதம் ஆகிறது, அதையும் முதலிலேயே கணக்கில் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு மூன்று வீடுகள் முடித்திருக்கிறேன். மூன்றிலும் பரவாயில்லாத லாபம். வாரிசுச் சான்றில் உள்ள எல்லாரையும் நேரில் பார்த்துப் பேசாமல் முன்பணம் கொடுப்பதில்லை. வீட்டிலிருக்கும் சாமான்களையும், யாருக்காவது வேண்டுமா என்று கேட்ட பிறகுதான் எடுக்கிறேன்.

இப்போது மாயவரத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஐந்து வாரிசுகள், ஒருவர் துபாயில். அவருடைய அதிகாரப் பத்திரம் வருவதற்காகத் தரகர் தினம் அவசரப்படுத்துகிறார், நான் காத்திருக்கிறேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். பழைய பத்திரம் ஏதாவது கையில் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.