வீடு யாருடைய பெயரில்? – சமூகப் பணித் தொழில் ஓர் அறிமுகம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவையொட்டிய தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



தொழில் வழிகாட்டல் என்றால் மேடையில் டொக்டருக்கு ஒன்று, எஞ்சினியருக்கு ஒன்று, கணக்காளருக்கு ஒன்று என மூன்று கதிரை போடுவதுதான் வழக்கம். இம்முறை நான்காவது கதிரை ஒன்றும் போட்டு எங்களை அழைத்த சங்கத்துக்கு நன்றி. வெவ்வேறு ஆண்டுகளில் இங்கே படித்து, இப்போது சமூகப் பணித்துறையில் வேலை செய்கிற நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிய உரை இது. வாசிப்பவர் ஒருவர், பேசுபவர்கள் எல்லோரும்.

"எங்க மனே வேலை செய்றாய்?" என்று ஊரில் கேட்பார்கள். சமூகப் பணி என்று சொன்னால், "அப்ப ஏதும் குடுக்கிறாங்களா?" என்பதுதான் அடுத்த கேள்வி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1978 சூறாவளி, போர்க்கால இடப்பெயர்வுகள், 2004 சுனாமி என்று எத்தனையோ தடவை வரிசையில் நின்ற சனம். கொடுப்பவர்களைத்தான் அவர்கள் அதிகம் கண்டிருக்கிறார்கள்.

மாரியில் வாவி பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் உடனே உலை வைத்துவிடும். அது சேவை. அதற்கு நமது ஊரில் என்றைக்கும் ஆள் குறைவில்லை. ஒவ்வொரு மார்கழியும் ஏன் அதே பத்து வீடுகள் தாழ்கின்றன, அந்தச் சனம் ஏன் பள்ளக் காணியில் குடியிருக்கிறது, மாற்றுக் காணி கேட்க அவர்களிடம் என்ன பத்திரம் இல்லை என்று விசாரிக்கத் தொடங்கும் இடத்தில் எங்கள் தொழில் தொடங்குகிறது.

இத்தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1889 இல் சிக்காகோவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ஜேன் ஆடம்ஸ் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். 1936 இல் பம்பாயில் டாட்டா நிறுவனத்தார் சமூகப் பணிக்கென ஒரு கல்லூரி திறந்தார்கள். இலங்கையில் 1952 இல் சமூகப் பணி நிறுவகம் உருவானது. இன்றைய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் தொடக்கம் அதுதான். அங்கே 2005 முதல் சமூகப் பணியில் இளமாணிப் பட்டம் வழங்கப்படுகிறது. 2014 இல் சர்வதேசச் சமூகப் பணியாளர் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணத்தில் சமூக நீதியும் மனித உரிமையும் தொழிலின் மையக் கோட்பாடுகளாக இருக்கின்றன. விருப்பமுள்ளவர் பற்றிக்கொள்ளும் மேலதிக வேலையாக நீதி அங்கே சொல்லப்படவில்லை.

அதன் பொருள் புரிய வெளிநாடு போகத் தேவையில்லை. நாவலடிக்கும் கல்லடிக்கும் போனால் போதும்.

மட்டக்களப்பில் வீடு தாய்வழி போவது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மகளுக்குக் கல்யாணம் என்றால் இருக்கிற வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, தாய் தகப்பன் அதே வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். மாப்பிள்ளை வந்து மனைவியின் வீட்டில் இருப்பார். குடியும் தாய்வழிதான். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் சகோதரிகளிடமும் வீட்டைப் பொறுத்தவரை இதே வழக்கம். பழைய முக்குவர் சட்டம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் நீதிமன்றத்தில் மறைந்துபோனாலும், வழக்கம் வளவுக்குள் உயிரோடு இருந்தது. இதனால் நமது பெண்களிடம் ஒரு தைரியம் இருந்தது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருசனைப் பார்த்து, "இது என்ட வீடு, நீ வெளிய போ" என்று சொல்லலாம்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. இந்த நாட்டில் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நமது கரையோரக் கிராமங்கள் பலவற்றில் ஆண்களை விடப் பெண்களே கூடுதலாகப் போனார்கள். வீடும் போனது, உறுதியும் போனது. கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு வேறு இடத்தில் அரச காணி, அதில் புது வீடு. படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் புருசனின் பெயர் எழுதப்பட்டது. எழுதியவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. ஆனால் நூற்றாண்டுகளாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு ஒரு பேனாக் கோட்டில் ஆணின் பெயருக்குப் போனது. மனைவியை இழந்த ஒருவர் மறுமணம் செய்தால், இறந்தவளின் பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் என்ன பாத்தியதை? அந்தக் கட்டத்தில் இதற்குப் பதில் இல்லை.

இந்த இடத்தில் சமூகப் பணியாளர் ஒருவர் என்ன செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் அழுதுகொண்டு வருகிறாள். அவளோடு இருந்து கேட்கலாம், ஆறுதல் சொல்லலாம், பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போய் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். தனியாள் பணி என்பது இதுதான், இது தேவை. அடுத்த நாள் அதே கதையோடு இன்னொருத்தி வருகிறாள், பிறகு இருபது பேர். அப்போது கோளாறு இருபது குடும்பங்களில் இல்லை, படிவத்தில் இருக்கிறது என்பது தெரியவருகிறது. அதை எழுத்தில் கொண்டுவந்து, பெண்களையே பேசவைத்து, அதிகாரிகளிடமும் கொடையாளரிடமும் சட்டம் இயற்றுபவர்களிடமும் கொண்டுபோவதைத்தான் பரிந்துபேசல் என்கிறோம்.

மட்டக்களப்பில் அது நடந்தது. இடம்பெயர்ந்த பெண்களுடன் 1991 இல் கொழும்பில் வேலை தொடங்கி, பின்னர் இங்கே நிலைகொண்ட சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் உட்பட்ட பெண்கள் அமைப்புகள், முகாம்களில் கேட்டதைப் பதிவுசெய்து, வீட்டை மனைவியின் பெயரிலாவது இருவர் பெயரிலாவது தரும்படி கேட்டார்கள். முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். பலருக்கு இன்றும் பத்திரம் ஆணின் பெயரில்தான். தடையாக நின்றது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன் அட்டவணையில் மகனுக்குப் பின்தான் மகள். 2022 இல் வந்த திருத்தம்தான் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. சுனாமி நடந்து 17 வருடங்களுக்குப் பிறகு! பொறுமை இல்லாதவர்கள் வேறு தொழில் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. அதற்கு முந்திய மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கத்துத் தாய்மாரின் வீட்டுக்கும் போகத் தெரியாதவர் இந்த மாவட்டத்தில் சமூகப் பணியாளராக இருக்க முடியாது. காணாமற்போனவரின் மனைவி வங்கிக்கோ கச்சேரிக்கோ போனால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். செத்ததென்று எழுதித்தர அவள் கை கூசும். "வாங்கிக்கொள்ளுங்கள், உதவி கிடைக்கும்" என்று அவளுக்குப் புத்தி சொல்வது சுலபம். குடும்பங்கள் விடாமல் மறுத்தார்கள். 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று வந்தது. அதைக் கொண்டு சொத்தைப் பராமரிக்கலாம், கொடுப்பனவு கேட்கலாம், "அவர் இறந்தார்" என்று கையெழுத்து வைக்கத் தேவையில்லை. ஆள் எங்கே என்ற கேள்விக்கு அது பதில் அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே அன்றாடத்தை நடத்த ஒரு வழி, அவ்வளவுதான்.

தங்கைமார் சம்பளம், கஷ்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சம்பளம் பெரிதல்ல. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை படுவான்கரைக்குப் போக அங்கே பாதையை நம்பித்தான் இருந்தோம். இப்போது அந்தச் சாட்டும் இல்லை. சிங்களம் படியுங்கள். வாய் காக்கப் பழகுங்கள், இதுதான் மிகக் கடினம். எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தமான ஊரில், வாடிக்கையாளரின் மாமி உங்கள் அம்மாவோடு சந்தையில் கதைப்பவராக இருப்பார். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவானிடம் போன பெண்ணின் கதை உங்கள் வீட்டுக் குசினிக்குக்கூட வரக்கூடாது. அச்சட்டம் ஆலோசனைக்கும் கண்காணிப்புக்கும் சமூகப் பணியாளரை நியமிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே நல்ல மனம் மட்டும் போதாது, அறிக்கை எழுதத் தெரிய வேண்டும்.

கடைசியாக, கடல் கடந்திருக்கும் அக்காமாருக்கு ஒரு விண்ணப்பம். தண்ணீர்த் தாங்கிக்கும் கணினி அறைக்கும் நீங்கள் அனுப்பியதை மறக்கவில்லை. உங்களில் சிலர் லண்டனிலும் டொரன்டோவிலும் மெல்பேர்னிலும் சமூகப் பணியாளராகவே இருக்கிறீர்கள். இங்கிலாந்தில் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளவே சட்டம் விடாது. பாரமான வழக்கைப் பற்றி மூத்தவர் ஒருவரோடு மாதம் ஒரு தடவையாவது இருந்து கதைப்பது அங்கே சாதாரணம். இங்கே வேலைக்கு வந்து ஆறு மாதமான பிள்ளை, தற்கொலைக்கு முயன்ற ஒரு தாயின் கதையைக் கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறாள். மாதம் ஒரு மணித்தியாலம் சூமில் அவளோடு இருக்க உங்களில் யாருக்கு முடியும்? பெயர்களைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். எங்களுக்கு இரவு எட்டரைக்குப் பிறகு எந்த நாளும் வசதி.